பீடித் தொழிற் சட்டங்களும் முதலாளிமார் முறையீடுகளும்

குற்றால மலையிற் பிறந்து தென்காசியைக் கடந்து கிழக்கு நோக்கி வரும் சிற்றாறு வீரகேரளம்புதூரை அடையும் பக்கத்தில் அநுமநதியும் அதனோடு வந்து கலக்கின்றது. காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரைப் போற்றி ஆதரித்த ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் வீற்றிருந்த ஊர் இதுவே. ஆதலின் இவ்வூரைப் பற்றி எழுதப் புகுவோர் ஜமீனைப் பற்றியும் சிந்தைப் பற்றியுமே எழுதி முடித்துவிடுகின்றனர். அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் இவ்வூரிலும், சுரண்டை, ஆலங்குளம், கடையம், முக்கூடல் முதலிய அயலூர்களிலும் நண்பகலுக்குப்பின் ஏதேனும் ஒரு தெருவழியே நடந்து செல்பவன் கண்ணிற் படுவது பழைய அரண்மனைச் சுவரன்று. திண்ணையிலும் நடையிலும் சுளகை மடிமேல் வைத்துக்கொண்டு தலைகுனிந்தவாறு பீடி சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்திரீகளின் வரிசையேயாம். இந்தப் பிரதேசத்தின் அண்மைக் காலச் சரித்திரம் அந்தச் சுளகில் கிடக்கின்றது. அதில் ஒரு பகுதியையேனும் நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலமென்றெண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

நமக்கு இவ்விஷயத்தில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. நம் சமூகத்தில் பீடிக் கம்பெனி நடத்துவோரும் இருக்கின்றனர். கம்பெனிக்காக ஊரூராய்க் கடை வைத்து இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கும் ஏஜெண்டுகளும் இருக்கின்றனர். அந்தக் கடையில் வரிசையில் நின்று இலை வாங்கிச் செல்லும் சகோதரிகளும் இருக்கின்றனர். சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவரும்போதெல்லாம் “தொழில் அழிந்துவிடும், தொழிலாளர் பட்டினி கிடப்பர்” என்று விண்ணப்பம் எழுதப்படுகின்றது. அதிற் கையொப்பமிடுவோர் முதற் கூட்டத்தார். அதிற் பேசப்படுவோர் மூன்றாங் கூட்டத்தார். இவ்வாறு எழுதப்பட்ட முறையீடுகளின் வரலாறு ஏறக்குறைய 90 ஆண்டு நீளமுடையது. எது மெய்யாயிற்று, எது பொய்யாயிற்று என்று பின்னோக்கிப் பார்க்கும் வசதி இன்று நமக்கு வாய்த்திருக்கின்றது.

முதலில் தொழிலின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். அதனை அறியாதவர்க்குச் சட்டத்தின் கதை விளங்காது. பீடிக்கு வேண்டியவை இலை, தூள், நூல், விரல் என்னும் நான்கே. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா முதலிய தேசங்களின் காடுகளிலிருந்து மூட்டையாய் வருகின்றது. புகையிலைத்தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிபாணிப் பக்கத்திலிருந்தும் வருகின்றது. ஆலை வேண்டாம், நீராவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். இலையை நனைத்துப் பதமாக்கித் தகர அளவை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலாற் கட்டி, முனையை மடக்கினால் பீடி. இவ்வளவும் செய்யத்தக்க இயந்திரம் மனுஷ்ய விரலே. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றிக் கொண்டுவந்ததைக் கடையில் பரிசோதித்து, ஒவ்வாதவற்றைக் கழிவென்று ஒதுக்குவர். கழித்த பீடிக்குக் கூலியில்லை. சில இடங்களில் கழித்த பீடி திரும்பக் கிடைப்பதுமில்லை. கொடுத்த இலை பழுதாயிருந்து எண்ணிக்கை குறைந்தால், குறைவுக்கு வேண்டிய இலையைக் கடைவீதியில் தன் காசு கொடுத்து வாங்கி ஈடுசெய்பவளும் சுற்றுகிறவளே.

இத்தகைய தொழிலுக்குக் கட்டிடமும் யந்திரமும் முதலீடாகாமையால், அது நின்ற இடத்தில் நிற்கவேண்டிய நிர்ப்பந்தமில்லை. பஞ்சாலை முதலாளி சட்டம் பிடிக்கவில்லையென்று ஆலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பீடி முதலாளியோ இலை மூட்டையை வேறொரு வண்டியில் ஏற்றினாற் போதும். இந்த ஒரு லக்ஷணத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே வாசிக்க வேண்டுகிறேன்.

1929ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய ராயல் கமிஷன் ஒன்றை நியமித்தனர். விட்லி துரை அதன் தலைவர். 1931இல் வெளிவந்த அதன் அறிக்கை பெரும்பாலும் ஆலைகளையும் சுரங்கங்களையும் தோட்டங்களையும் பற்றியதே. எனினும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பிய சிறு பட்டறைகளையும் அது விட்டுவிடவில்லை. காற்றும் வெளிச்சமும் போதாத அறைகளில் ஐந்து வயதுக் குழந்தைகளும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், சரியான உணவு இடைவேளையும் வார விடுமுறையுமின்றி, இரண்டணாக் கூலிக்கு உழைப்பதுண்டு என்று அது எழுதிற்று. சென்னை மாகாணத்துப் பீடிப் பட்டறைகளும் அதன் பார்வையிற் பட்டவையே. தகப்பன் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை ஈடு வைக்கும் வழக்கமும் அப்போது வெளிப்பட்டது. 1933இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லாவென்று சட்டமாயிற்று. 1938இல் மற்றொரு சட்டம், பீடி சுற்றுதல் முதலிய சில தொழில்களை நடத்தும் பட்டறைகளில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்தலாகாதென்று விதித்தது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சிறு விலக்கும் இருந்தது. பட்டறையை வைத்திருப்பவன் தன் குடும்பத்தாரை மாத்திரம் துணைக்கொண்டு வேலை செய்தால் அந்த விதி அவனைத் தொடாது. குடும்பத்துள் சர்க்கார் நுழையலாகாதென்ற நல்ல எண்ணமே இதற்குக் காரணமென்று கொள்ளலாம். பலன் யாதாயிற்று? பட்டறையில் பிள்ளையை உட்கார வைத்தாற் குற்றம்; வீட்டில் தாயின் பக்கத்தில் உட்கார வைத்தாற் குற்றமில்லை. தொழில் வீட்டை நோக்கித் திரும்புதற்குச் சட்டமே ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. முனை மடக்கும் சின்ன விரல்கள் பட்டறையை விட்டுத் திண்ணைக்கு வந்தன.

மகா யுத்தத்தின் இறுதியில் இந்திய சர்க்கார் நியமித்த ரேகே கமிட்டி பீடி, சுருட்டுத் தொழிலைத் தனியே ஆராய்ந்தது. 1947இல் சென்னை சர்க்கார் பீடி, சுருட்டு, பொடி, புகையிலை பதப்படுத்தல், தோல் பதனிடுதல் ஆகிய தொழில்களின் நிலையை விசாரிக்க டாக்டர் பி. வி. நாராயணசாமி நாயுடு அவர்களைக் கொண்டு விசாரணை நடத்தினர். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையிலேயே பீடித் தொழில் இடம்பெற்றது. அதே ஆண்டில் வந்த பாக்டரிச் சட்டம், யந்திர சக்தியில்லாத இடத்தில் 20 பேரும், சக்தியுள்ள இடத்தில் 10 பேரும் வேலை செய்தால் அதனைப் பாக்டரி என்று கொண்டது. பீடிக்கோ சக்தி வேண்டியதில்லை. ஆகவே 20 என்ற எண்ணே வேலியாயிற்று. 60 பேர் வேலை செய்த ஒரு கொட்டகை, 15 பேர் வீதம் நான்கு கொட்டகையாகப் பிரிந்தது. நான்கிற்கும் நான்கு பெயர்கள். கணக்குப் பாடத்தை இவ்வளவு விரைவிற் கற்ற வியாபாரம் வேறொன்று இருக்குமா என்று சந்தேகம்.

இந்தச் சமயத்தில் முதலாளிமாரின் பக்கத்து நியாயம் ஒன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மத்திய மாகாணத்தில் 1948ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினர். விவசாயப் பருவத்தில் வயல் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையென்று, குறிப்பிட்ட கிராமங்களில் அக்காலத்தில் எவரும் பீடி சுற்றலாகாதென்று தடுக்கும் அதிகாரத்தை அது ஜில்லா அதிகாரிக்குக் கொடுத்தது. 1950இல் சாகர் ஜில்லாவில் அவ்வாறே உத்தரவு பிறந்தது. அதனை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்ற மனுக்கள் இரண்டு. ஒன்று பீடி முதலாளியுடையது, மற்றொன்று பீடித் தொழிலாளியுடையது. அவ்வாண்டு நவம்பரில் கோர்ட்டார் அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தனர். வயலில் இறங்கி உழைக்க மாட்டாத கிழவிகளும் உடல் நலிந்தோரும் அக்கிராமங்களில் இருக்கின்றனரே, அவர்கள் கையிலிருக்கும் பிழைப்பையும் பறிப்பது எவ்வாறு நியாயமான கட்டுப்பாடாகும் என்பதே தீர்ப்பின் கருத்து. நம் நாட்டு அரசியல் சட்டம் அளித்த தொழிற் சுதந்திரத்தின் எல்லையை வரையறுத்த ஆதித் தீர்ப்புகளில் இது ஒன்று. இன்றைக்கும் வக்கீல்மார் இதனை எடுத்துக் காட்டுகின்றனர். முதலாளியும் தொழிலாளியும் ஒரே படியில் ஏறி நின்ற காட்சி இத்தொழிலின் சரித்திரத்தில் இதைப்போல் மறுமுறை காண்பது அரிது. அவர்கள் ஒன்றாய் நின்றதற்கு ஹேதுவும் தெளிவு. சர்க்கார் தடுத்தது வேலையையே. கூலியையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தப் புறப்படவில்லை.

பின்னர் வந்த வழக்குகளின் வகை வேறு. “இவள் என் வேலைக்காரியல்லள்” என்பதே அவற்றில் முதலாளியின் வாதம். 1958இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில், இடையில் நின்ற சட்டேதார் என்னும் ஒப்பந்தக்காரன் சுதந்திரமான வியாபாரியென்றும், அவனிடம் சுற்றுகிறவர்கள் பாக்டரிச் சட்டத்தின்படி முதலாளியின் தொழிலாளர் ஆகாரென்றும் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. இடைத்தரகனுக்கு அன்று கிடைத்த மதிப்பு பெரிது. அதே 1958இல் சென்னை ராஜ்யம், பீடித் தொழிலிடங்களின் வேலை நிலையை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமொன்று இயற்றியது. கேரளமும் 1961இல் அவ்வழி சென்றது. சட்டம் தொழிலிடத்தைக் கட்டுப்படுத்திற்று. தொழிலிடமோ கரைந்து போயிற்று. கொட்டகைக்குப் பதில் இடைத்தரகன், இடைத்தரகனுக்குக் கீழே வீடு. எஞ்சியதை ராஜ்ய எல்லை செய்தது. ஓரிடத்தில் கெடுபிடி என்றால் அடுத்த ராஜ்யத்தில் இலை இறங்கிற்று.

ஆயினும் சென்னை ராஜ்யத்திலிருந்து சென்ற ஒரு வழக்கே காற்றைத் திருப்பிற்று. திவான் மொகிதீன் சாகிப் கம்பெனி வழக்கென்று அதற்குப் பெயர். 1964இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அங்கேயும் முதலாளி ஒப்பந்தக்காரனுக்கு இலையும் தூளும் கொடுப்பார். அவன் ஆட்களை வைத்துச் சுற்றிக் கொடுப்பான். ஆட்களுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லையென்று பத்திரம் எழுதியிருந்தது. கோர்ட்டார் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்ததோடு நில்லாமல் நடைமுறையையும் பார்த்தனர். சரக்கு முதலாளியுடையது, விலை முதலாளி வைப்பது, சுற்றிய பீடியை அவருக்கன்றி வேறொருவர்க்கு விற்க ஒப்பந்தக்காரனுக்கு வழியில்லை, அவன் கையில் முதலென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆகவே அவன் கிளைக் கடையின் காரியஸ்தனே. ஒப்பந்தம் வெறும் மறைப்பு. சுற்றுகிறவர்கள் முதலாளியின் தொழிலாளரே என்று முடிவு செய்தனர். இலையை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டும் வழக்கமும், நினைத்த நேரத்தில் வந்து போகும் வழக்கமும் இதற்குத் தடையாகவில்லை. நம் பக்கத்து ஏஜெண்டுமார் இந்தத் தீர்ப்பை வாசித்திருப்பின், தம் சொந்த உருவத்தை அதில் கண்டிருப்பர்.

இரண்டாண்டுகட்குப் பின் 1966இல் பார்லிமெண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றிற்று. மசோதாவின் நோக்கவுரை வாசிக்கத் தக்கது. பாக்டரிச் சட்டத்துக்குத் தப்பவேண்டி முதலாளிகள் தொழிலைச் சிறு சிறு கூறாக்குகின்றனர். வீடுகளில் சரக்குக் கொடுத்துச் செய்விக்கின்றனர். முதலாளி தொழிலாளி உறவு தெளிவாக இல்லை. தொழிலோ எளிதில் இடம்பெயரக் கூடியது. ராஜ்யங்கள் தனித்தனியே செய்த முயற்சி பலிக்கவில்லை. ஆதலால் தேசம் முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தில் முதன்முறையாக, முதலாளியோ ஒப்பந்தக்காரனோ கொடுத்த சரக்கை வீட்டிலிருந்து பீடியாக்குபவளும் தொழிலாளியே என்று எழுத்தில் எழுதினர். நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பும், 14 வயதுக்குட்பட்டோருக்குத் தடையும், 20 நாள் வேலைக்கு ஒருநாள் வீதம் கூலியோடு விடுமுறையும், இலையின் குறைவு, கழிவு ஆகியவற்றைப் பற்றிய தகராறுகளைத் தீர்க்க வழியும் அதில் இடம்பெற்றன. 1938இல் திறந்த வாயிலை இது பாதி சாத்திற்று. குடும்பத்தோடு வீட்டில் சுற்றுகிறவனுக்கு விலக்கு உண்டு; ஆனால் அவன் ஒரு முதலாளிக்காகச் சுற்றுகிறவனாயிருந்தால் அந்த விலக்கு இல்லை.

முதலாளிமாரின் எதிர்ப்பு இரண்டு வழியில் வெளிப்பட்டது. ஒன்று கதவடைப்பு. 1968 அக்டோபரில் கேரளத்தில் இச்சட்டம் அமுலுக்கு வந்தபோது, மங்களூர்க் கணேஷ் பீடி முதலிய கம்பெனிகள் கண்ணூர்ப் பகுதியில் வேலையை நிறுத்தின. ஏறத்தாழ 12,000 பேர் ஒரேநாளில் வேலையிழந்தனர். “சட்டம் வந்தால் வேலை போகும்” என்ற முறையீடு அங்கே அக்ஷரம் பிசகாமல் மெய்யாயிற்றென்று சொல்லலாம். மெய்யாக்கியவர் முறையிட்டவரே என்பதையும் கூடவே சொல்லவேண்டும். அந்த வேலையிழப்பிலிருந்து 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவு தோன்றிற்று. கேரள சர்க்கார் கடனும் பங்கும் கொடுத்து உதவினர். சட்டம் விதித்த கூலி, விடுமுறை யாவற்றையும் கொடுத்துக்கொண்டே அந்தக் கூட்டுறவு 30,000க்கு மேற்பட்டோர்க்கு வேலை தரும் நிலைமைக்கு வளர்ந்தது. பிற்காலத்தில் பீடிக்கு மதிப்புக் குறைந்தபோது அது குடை, ஆடை, உணவுப் பண்டம் என்று வேறு தொழில்களை நாடிற்று. சட்டத்தைக் கைக்கொண்டு பீடித் தொழில் நடத்தவே முடியாது என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேறில்லை. நம் ஜில்லாவில் அத்தகைய முயற்சி அவ்வளவு பெரிய அளவில் எழாமற் போனமைக்கு நாம் வருந்தலாம்.

மற்றொரு வழி நியாயஸ்தலம். பல ராஜ்யங்களிலிருந்தும் கம்பெனிகள் சட்டத்தின் செல்லுந்தன்மையை எதிர்த்து வழக்கிட்டன. பார்லிமெண்டுக்கு இதில் அதிகாரமில்லை. தொழிற் சுதந்திரம் மீறப்படுகின்றது. எவர் வீட்டிலோ எந்நேரமோ வேலை செய்கிறவளுக்கு முதலாளி எவ்வாறு பொறுப்பாவார். அவளுக்கு விடுமுறைக் கூலி எவ்வாறு கணக்கிடுவது. கழிவுக்கு வரம்பு கட்டினால் சரக்கின் தரம் என்னாவது என்றெல்லாம் வாதித்தனர். கழிவைப் பற்றிச் சில ராஜ்யங்களின் விதிகள், சாதாரணமாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கழிக்கலாகாதென்று சொல்லின. 1974 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லுமென்று தீர்த்தது. சரக்குக் கொடுப்பதும், வாங்கிப் பரிசோதித்துக் கழிப்பதுமே வீட்டுத் தொழிலாளி மேல் முதலாளிக்கு உள்ள ஆதிக்கத்தைக் காட்டப் போதியவை என்பது அதன் நோக்கு.

இந்த வாதங்களை இன்று நிறுத்துப் பார்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே தராசில் இடுவது தகாது. ராஜ்யத்துக்கு ராஜ்யம் கூலி வேறுபட்டால் நேர்மையாய் நடப்பவன் கெடுவான், ஏய்ப்பவன் வாழ்வான் என்று முதலாளிமார் சொல்லுவது முழு உண்மை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கவுரையும் இதனையே வேறு சொற்களிற் கூறிற்று. குறைந்தபட்சக் கூலி இன்றும் ராஜ்யந்தோறும் வேறு வேறாகவே இருத்தலால், அந்தக் குறை தீரவில்லை. தேசமெங்கும் ஒரே கூலி வேண்டுமென்று கம்பெனிக்காரரும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து கேட்டாற் கூடத் தவறில்லை. ஆனால் கழிவைப் பற்றிய வாதம் அவ்வாறன்று. தரம் காப்பதற்கென்று சொல்லப்படும் கழிவு, இலை நல்லதாயிருந்தால் குறையும். இலை பொல்லாததாயிருந்தால் கூடும். பொல்லாத இலையைக் கொடுத்தவர் பொறுப்பேற்காமல், அதனைச் சுற்றினவள் கூலியிற் பிடிப்பதற்குத் தரம் என்று பெயரிடுவது வியாபாரமுமன்று, நீதியுமன்று. கடையில் தட்டைக் கையில் எடுத்து நிற்பவரும் வரிசையில் நிற்பவளும் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்களாயிருக்கும் ஊர்களில் இதனை எழுதுவதற்குக் கூச்சமாயிருக்கின்றது. ஆயினும் எழுதாமல் விடலாகாது.

1976இல் பீடித் தொழிலாளர் நல வரிச் சட்டமும், நல நிதிச் சட்டமும் வந்தன. பீடியின்மேல் விதித்த சிறு வரியைக்கொண்டு வைத்திய சாலை, பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம், வீடு கட்ட உதவி ஆகியவை ஏற்பட்டன. முக்கூடலில் பீடித் தொழிலாளர்க்கென மத்திய சர்க்கார் வைத்திய சாலை நிற்பது அந்நிதியின் பயனே. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடப் புத்தகமும் கல்லூரிச் சம்பளமும் அந்த நிதியின் உபகாரத்தாற் பெற்றனர். 1977இல் வருங்கால வைப்பு நிதித் திட்டம் பீடித் தொழிலுக்கும் விரிந்தது. வீட்டில் சுற்றுகிறவளுக்கு இது பொருந்தாதென்று கம்பெனிகள் மறுபடியும் வழக்கிட, 1985இல் சுப்ரீம் கோர்ட்டு பொருந்துமென்று மறுபடியும் சொல்லிற்று. ஒரே வினாவுக்கு இருபதாண்டில் மூன்று முறை விடை கேட்கப்பட்டதென்றால், விடை தெரியாமற் கேட்கப்படவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

இதே காலத்தில் சர்க்காரும் தம் கையால் ஒரு பிழை செய்துவந்தனர். ஆண்டுக்கு 20 லக்ஷம் பீடிக்குக் குறைவாய் உற்பத்தி செய்யும் சிறு உற்பத்தியாளருக்கு எக்ஸைஸ் வரியில் விலக்கு உண்டாயிருந்தது. ஏழை உற்பத்தியாளனுக்கு இரங்கிச் செய்த சலுகை இது. ஒருநாளைக்கு ஆயிரம் சுற்றும் ஒருத்தி ஆண்டில் மூன்று லக்ஷத்துக்குக் குறையாமற் சுற்றுவாள். ஆக ஏழு பேர் சேர்ந்தாலே வரம்பு நிறைந்துவிடும். அத்தகைய சிறு கம்பெனிகள் எண்ணற்றுப் பெருகின. ஒரு பெரிய பெயருக்குப் பின்னே பல சிறிய பெயர்கள் நிற்பதும் வழக்கமாயிற்று. பாக்டரிச் சட்டத்தின் 20 என்ற எண் ஆட்களைப் பிரித்தது. எக்ஸைஸின் 20 லக்ஷம் என்ற எண் கம்பெனியைப் பிரித்தது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது இந்தப் பழைய ஏற்பாடு மாறிற்று. அதனோடு நல நிதிக்கு ஆதாரமாயிருந்த பீடி வரியும் ஒழிந்தது. தொழிலாளருக்கான செலவு அதன்பின் சர்க்காரின் பொது வரவு செலவுத் திட்டத்தை எதிர்பார்த்து நிற்கின்றது. வரி எடுபட வேண்டுமென்று எழுதிய விண்ணப்பங்கள் பல. அது எடுபட்டபின் வைத்தியசாலைக்குப் பணம் எங்கிருந்து வருமென்று எழுதிய விண்ணப்பங்கள் சில.

சுகாதார விஷயத்திலும் இதே பாணி. பாக்கெட்டில் 85 சதவிகித இடத்தில் எச்சரிக்கைப் படம் அச்சிடவேண்டுமென்ற விதி 2016 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது. அதற்கு முன் பார்லிமெண்டின் ஒரு கமிட்டி, பீடித் தொழிலாளரின் பிழைப்பைக் காரணங்காட்டி அந்த விதியைத் தளர்த்த முயன்றது. அக்கமிட்டியின் அங்கத்தினரில் ஒருவர் தாமே பீடி வியாபாரி என்பது 2015இல் பெரிய சர்ச்சையாயிற்று. விதி நிலைத்தது. புகையிலை உடலுக்குத் தீங்கென்பது வைத்தியர் யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். குடிப்பவனுக்கு மாத்திரமன்று, நாள் முழுதும் தூளைச் சுவாசித்துக் குனிந்திருக்கும் நம் சகோதரிக்கும் இருமலும் முதுகுவலியும் கண்மங்கலும் அத்தொழில் தரும் சீதனங்களே. பீடியின் விற்பனை சுருங்கி வருங்காலத்தில் அரசாங்கக் கணக்கின்படி தேசமெங்கும் ஏறத்தாழ 50 லக்ஷம் பேர் பிழைப்புக்கு என் செய்வர் என்ற கேள்வி உண்மையான கேள்விதான். அவர்களை முன்னிறுத்திச் சலுகை கேட்கும் விண்ணப்பங்களிலே, அவர்களுக்கு வேறு தொழில் கற்பிக்க இவ்வளவு தருவோம் என்று ஒரு வரியேனும் எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கு மதிப்புக் கூடியிருக்கும். நம் சங்கம் இனி ஏதேனும் தொழில் சம்பந்தமாக மகஜர் அனுப்புமாயின், அதனைத் தயாரிக்கும் கமிட்டியில் சுற்றுகிற ஸ்திரீகள் இருவரையாவது உட்கார வைக்கவேண்டுமென்பது என் வேண்டுகோள். அவர்கள் சொல்லுவது மகஜருக்கு மாறாயிருப்பினும் இருக்கலாம்.

2019, 2020ஆம் ஆண்டுகளில் நிறைவேறிய நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21ஆம் நாள் அமுலுக்கு வந்தன. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் அடங்கிப் போயிற்று. வீட்டில் சுற்றுகிறவள் தொழிலாளியென்ற கொள்கை மாத்திரம் தங்கிற்று. இனி விதிகளின் நுட்பத்தைப் பற்றி இருபக்கத்தாரும் பேசவேண்டிய காலம்.

அதுவரையில் நம் வீட்டு ஸ்திரீகள் கவனிக்கவேண்டிய காரியம் கையிலிருக்கும் பாஸ் புத்தகம். ஒரு புத்தகத்தில் தாய், மகள், மருமகள் மூவர் சுற்றிய பீடியும் ஒருத்தி பெயரிலேயே ஏறுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும். புத்தகத்தில் பெயரில்லாதவள் 30 ஆண்டு சுற்றினாலும் அந்தக் கணக்கில் ஒருநாளும் சுற்றாதவளே. புத்தகத்தில் வீட்டுப் பெயரும் ஆதாரில் வேறொரு பெயருமாயிருந்து, வைப்பு நிதி ஆபீஸில் பணம் நின்றுபோனவர்களும் உண்டு. கடை ஏஜெண்டாயிருக்கும் நம் அன்பர்கள் இலை நிறுக்கும் வேளையில் ஒரு நாழிகை ஒதுக்கி, புத்தகத்துப் பெயரையும் ஆதாரின் பெயரையும் ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொடுப்பாராயின் கம்பெனிக்கு அதனால் ஒரு காசும் செலவில்லை.